எட்டாவது கட்டத்தில் நான் எழுதிய ‘ஆம்’

1. நகராத குதிரை

கடுக்காய்மேட்டுக்கு முதல் தொலைபேசி கொண்டுபோன அன்று, பேட்டரி சுமந்து வந்த குதிரை பாதி வழியில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றுவிட்டது. கொடைக்கானலில் ரோடு முடிகிற இடத்திலிருந்து அந்த ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். இறங்க இரண்டு மணி நேரம், ஏற மூன்றரை மணி நேரம். வெள்ளகவிப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த மாதிரிப் பாதை தெரியும்.

“காப்பி மூட்டன்னா பேசாமச் சொமக்கும் சார். இது புதுக் கனமா இருக்குல்ல, அதான் மொரண்டு பிடிக்குது” என்றார் குதிரைக்காரர். கடைசியில் பேட்டரியைக் கம்பில் கட்டி நானும் அவரும் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். குதிரை கைவீசிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை மாதிரி பின்னால் வந்தது.

அப்போது நான் தொலைபேசித் துறையில் டெலிகாம் மெக்கானிக். எல்லாக் கிராமத்திலும் ஒரு பொதுத் தொலைபேசி இருக்க வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்திருந்த காலம். கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கு டபிள்யூ.எல்.எல். போட்டோம். டவுனில் இருக்கும் கோபுரத்திலிருந்து ரேடியோ அலையில் வருகிற போன் அது. ஊரில் ஓர் ஆன்டெனா, ஒரு சோலார் பலகை, ஒரு பேட்டரி, ஒரு போன் பெட்டி. வேலை அவ்வளவுதான். கொள்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், மேலே யாரோ எழுதுகிறார்கள், நாம் ஸ்பேனர் பிடிக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆன்டெனாவுக்கு டவுன் கோபுரம் நேர்ப்பார்வையில் தெரிய வேண்டும். நான் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரே ஒரு வீட்டுக் கூரையிலிருந்துதான் கோபுரம் தெரிந்தது. அது பேச்சியம்மாளின் வீடு. ஊர்ப் போனுக்கு அவர் பொறுப்பாளரானது அப்படித்தான், மனு இல்லை, சிபாரிசும் இல்லை.

2. வெள்ளைத் துணி, சிவப்புத் துணி

ஊரில் நாற்பது வீடு. பகலில் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, பட்டர் ஃப்ரூட் மரம் என்று சரிவு முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். போன் வந்தால் எப்படிக் கூப்பிடுவது? பேச்சியம்மாள் கூரையில் ஒரு மூங்கில் கம்பை நட்டார். வெள்ளைத் துணி ஏறினால் யாருக்கோ போன் வந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சிவப்புத் துணி ஏறினால் யாருக்கோ உடம்பு சரியில்லை, டோலியில் வைத்து மேலே ரோட்டுக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும். கையில் இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு ஆண்கள் ஓடி வருவார்கள்.

சிவப்புத் துணியை ஏற்றிய கையோடு அவர் செய்கிற இரண்டாவது வேலைதான் முக்கியம். டவுனில் இருக்கும் ஜீப்புக்காரருக்குப் போன் போடுவார். டோலி மேலே ஏறி வருவதற்குள் ஜீப் ரோட்டு முனையில் வந்து நின்றுவிடும். இதை வைத்து அந்த ஊரில் எத்தனையோ பிரசவம் நல்லபடியாக ஆஸ்பத்திரியில் நடந்தது. நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேட்டரி பார்க்கப் போவேன்.

“லைன் சார் வந்துட்டாரு, காப்பி போடுங்க” என்று அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமி உள்ளே பார்த்துச் சத்தம் கொடுப்பார். பேச்சியம்மாள் வெளியே வந்து, “ஏன், நீங்க போட்டா காப்பி கோவிச்சுக்குமா?” என்பார். அப்புறம் வேலுச்சாமியே போடுவார். நன்றாகத்தான் போடுவார்.

நான் ஜூனியர் இன்ஜினியர் ஆன பிறகும் அவர்களுக்கு லைன் சார்தான்.

3. நாலு பக்கச் சுற்றறிக்கை

பிறகு காற்று மாறியது. எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது, இனிப் பொதுத் தொலைபேசி எதற்கு என்று கொள்கையும் மாறியது. டபிள்யூ.எல்.எல். ஓடிக்கொண்டிருந்த அலைக்கற்றையை அரசிடம் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. உதிரிப் பாகம் வருவது நின்றது. அதையும் குறை சொல்ல மாட்டேன். நாடு முழுக்க ஒரு பழைய தொழில்நுட்பத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியாது.

பழைய போன்களைக் கழற்றச் சொல்லி நாலு பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் ஒரு நல்ல காரியமும் இருந்தது. மொபைல் சிக்னல் இல்லாத ஊர்களுக்கு, பழைய போனை எடுக்கிறபோதே சாட்டிலைட் போன் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஊரில் சிக்னல் இருக்கிறது, எதில் இல்லை என்று நாங்கள் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அதற்கான இங்கிலீஷ் படிவத்தில் எட்டாவது கட்டம் இதுதான்: ‘கிராமத்தில் மொபைல் சிக்னல் உள்ளதா? ஆம் / இல்லை.’ கீழே ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து.

நான் கோட்டப் பொறியாளரிடம் போய், கடுக்காய்மேட்டில் சிக்னல் இல்லை என்றேன். மதுரைக்காரர். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர்.

“இந்தாப்பா, கேட்டிருக்கது வருவாய்க் கிராமம். கடுக்காய்மேடு தனி வருவாய்க் கிராமமா?”

“இல்லைங்க சார். மேல ரோட்டுல இருக்க ஊரோட சேர்ந்தது.”

“அந்த ஊர்ல சிக்னல் இருக்கா?”

“இருக்குங்க சார்.”

“பெறகென்ன? குக்கிராமத்துக்கெல்லாம் தனிக் கட்டம் கெடையாது. இல்லைன்னு போட்டா ஏன் இல்லைன்னு எனக்குத்தான் போன் வரும். போய் வெரசா முடிச்சுட்டு வா.”

4. மூன்று கோடு

படிவத்தோடு இறங்கினேன். பேச்சியம்மாளிடம், “இங்க எங்கயாவது செல்லு எடுக்குதாக்கா?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எடுக்காம? வாங்க காட்டுறேன்” என்று கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு மேலே அரைமணி நேர ஏற்றத்தில் ஒரு பாறை. அங்கே நின்று என் போனைப் பார்த்தேன். மூன்று கோடு இருந்தது. நாலு அடி தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை.

“மூணு கோடு நிக்கிதா? நல்லாப் பெருசா எழுதிக்கங்க சார்” என்றார். “சிக்னல் இல்லாத ஊருன்னு பேராகிப்போச்சு. கீழ பண்ணைக்காட்டுல பொண்ணு கேட்டுப் போனா, ஒங்க ஊர்ல செல்லு எடுக்குமான்னுதான் மொதக் கேள்வி. இனிமே கவர்மெண்டே எழுதியிருக்குன்னு சொல்லிக்கிடலாம்ல.”

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘அக்கா, இருக்கு என்று எழுதினால் உங்கள் வீட்டுப் போனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், வேறு எதுவும் வராது. இல்லை என்று எழுதினால் சாட்டிலைட் போன் வரும்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அதிகாரி சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாட்டிலைட் போன் வந்தால் அதையும் நான்தான் சுமந்து இறங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான்தான் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு முழங்கால் வலி. ரிட்டயர்மென்ட் பக்கத்தில் இருந்தது.

எட்டாவது கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதினேன். பேச்சியம்மாள் பாறை மேலேயே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் போன் பெட்டியைக் கழற்றப் போனேன். “புதுசு எப்ப சார் வரும்?” என்று கேட்டார். “அதான் செல்லு இருக்கேக்கா” என்றேன். மூங்கில் கம்பை மட்டும் விட்டுவிட்டு வந்தேன், அது துறையின் சொத்து இல்லை.

5. இங்கிலீஷ் கடுதாசி

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கார்த்திகை மாதம் அடைமழை பிடித்துக்கொண்டது. காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்த வேலுச்சாமிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிவப்புத் துணி ஏறியது, ஆட்கள் வந்தார்கள். ஜீப்புக்குச் சொல்ல ஒருவர் பாறைக்கு ஓடினார். மழையில் மேலே கரண்ட் போய் டவரும் நின்றிருந்தது. ஒரு கோடு கூட இல்லை. எப்படியும் வண்டி கிடைக்கும் என்று டோலியைத் தூக்கிவிட்டார்கள். ரோட்டு முனையில் ஜீப் இல்லை. ஆள் டவுனுக்கு நடந்து போய் வண்டி பிடித்து வருகிறவரை வேலுச்சாமியை மழையில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தார்கள்.

உயிர் தப்பினார். வலது கையும் காலும் வரவில்லை. ரெண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னாராம்.

இதெல்லாம் பேச்சியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் டவுனில் என் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. ஊருக்குப் போன் வேண்டும் என்று திண்டுக்கல்லுக்குப் போய் மனு கொடுத்திருக்கிறார். அதற்குப் பதில் வந்திருக்கிறது.

“இங்கிலீசுல இருக்கு சார். நீங்கதான நம்ம டிப்பாட்மெண்டு, படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். ‘தங்கள் கிராமத்தில் மொபைல் சேவை இருப்பது கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆய்வுப் படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.’

“சிக்னல் இருக்குன்னு ரிக்கார்டு சொல்லுதாம்க்கா” என்றேன்.

“எந்தக் களவாணிப்பய எழுதுனான் அப்படி?”

அவர் என் கையிலிருந்து இரண்டாவது தாளை வாங்கினார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் தன் கையெழுத்து தெரியாமல் போகுமா? விரலை வைத்தார். “இது நான் போட்டதுல்ல, பாறையில?” விரல் பக்கத்தில் நகர்ந்தது. “இது ஆரு?”

“நான்தான்க்கா.”

தாளை மடித்து மறுபடி உறைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை.

“போனை எடுக்கத்தான் கேக்குறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இல்லைன்னே சொல்லியிருப்பேனே சார்” என்றார்.

அன்றைக்கே இன்னொரு மனு எழுத உட்கார்ந்தோம். இந்தத் தடவை தமிழில். ஒவ்வொரு வரி எழுதியதும் என்னை நிறுத்தி, படித்துக் காட்டச் சொன்னார். “இதுனால எங்களுக்கு என்ன வரும், என்ன போகும்? அதச் சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போங்க” என்றார். எட்டாவது கட்டத்தில் நான் எழுதியது தவறு என்றும் அதில் எழுதினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் நான் பேனாவை நீட்டியபோது, முதலில் என்னைப் போடச் சொன்னார். நான் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் போட்டார்.

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். கொள்கையை நாம் எழுதுவதில்லை, உண்மைதான். ஆனால் அது ஊருக்குள் நுழைவது நம் கையில் இருக்கிற தாள் வழியாகத்தான். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், அந்தக் கையெழுத்தால் என்ன வரும், என்ன போகும் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மூங்கில் கம்பு அங்கேயேதான் நிற்கிறதாம். வேலுச்சாமி இடது கையால் காப்பி போடப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று போன வாரம் சொல்லியனுப்பினார்கள். வந்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் போகவில்லை. இதற்கு முழங்கால் காரணம் இல்லை.