எதிர்ப்பக்கம் வந்த அத்தை

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஓடியவள் அத்தை. அதற்கு முன்னால் எங்கள் வம்சத்தில் யாரும் காரணமில்லாமல் ஓடியதாகத் தகவல் இல்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டோம். அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற குடும்பம்.

அத்தை அப்பாவின் தங்கை. அரசு அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத வேலை. முதுகு வலிக்கிறது என்று போனபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தாள். நடந்தது போதவில்லை என்று ஓடினாள். திருவண்ணாமலையில் அப்போது ஓடுகிறவர்களின் சின்னக் கூட்டம் ஒன்று உண்டு. பல் டாக்டர் ஒருவர், துணிக்கடைக்காரர் ஒருவர், கல்லூரி வாத்தியார் ஒருவர். அவர்களோடு சேர்ந்த பிறகு அத்தையின் பேச்சே மாறிவிட்டது. கடலில் நீந்தி, கரையேறின ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, சைக்கிளை விட்டு இறங்கின காலோடு ஓடி, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிற போட்டி ஒன்று கடலோர ஊரில் நடக்கிறதாம். அதற்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். அப்பா இட்லியைப் பாதியில் வைத்தார்.

"மூணும் ஒரே நாள்ல எதுக்கு? வாரத்துக்கு ஒண்ணா செய்யக் கூடாதா?"

கடல் எங்களுக்குத் தூரம் என்பதால் நீச்சல் பயிற்சி அடி அண்ணாமலையில், ஒன்றுவிட்ட பெரியப்பாவின் விவசாயக் கிணற்றில் நடந்தது. அத்தையின் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் அப்பா. கிணற்றில் நேராக நீந்த இடமேது. சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். "கடல்லயும் வந்து கயிறு புடிப்பியாண்ணா?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்டால், "பேசாம நீந்து, தண்ணி குடிச்சிடப் போற" என்று அவர் மேலேயிருந்து சொல்வார்.

ஓட்டத்துக்குக் கிரிவலப் பாதை. இதை அப்பா மறுக்க முடியாதபடி அத்தை செய்திருந்தாள். ஒவ்வொரு முறையும் ராஜகோபுரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மலையை வலது கைப் பக்கமாக வைத்துக்கொண்டு கிளம்புவாள். "பொம்பள ரோட்ல ஓடுறான்னா நாலு பேரு கேப்பாங்க. கிரிவலம் போறான்னா யாரு கேப்பா?" என்பது அவள் கட்சி. ஷூ போட்டுக்கொண்டு கிரிவலமா என்று அப்பா கேட்டார். சாமி குத்தம் என்றால் முதலில் குத்துகிறது தன் காலில்தானே என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு தொல்லை. ஒரு சுற்று முடிந்ததும் அவள் கால் நின்றுவிடும். அதற்கு மேல் ஓர் அடி வராது. போட்டிக்கோ ஒன்றரைச் சுற்று தேவை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றரைச் சுற்று என்று கிளம்பி, ஒரு சுற்றோடு ஆட்டோவில் வந்து இறங்குவாள். இந்த முறையும் ஒன்றரைச் சுற்று வரவில்லையென்றால் பேரைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொன்னாள். அப்பா வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பணியில் அமர்த்தினார்கள். எனக்குப் பத்து வயது. சின்ன சைக்கிளில் அத்தைக்குப் பின்னாலேயே போக வேண்டும். முன்கூடையில் ஒரு துணிப்பை. அதில் தண்ணீர் பாட்டில்கள், வாழைப்பழம், கடலை மிட்டாய், அத்தையின் போன். அதிகாரிக்கு உத்தரவுகள் குவிந்தன. என் போனை நோண்டாதே என்றாள் அத்தை. தெரியாத நம்பரை எடுக்காதே என்றார் அப்பா. அது போக, அவர் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்த ஒன்று உண்டு: மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டால் முன்னால்தான் போக வேண்டும், திரும்பி எதிர்ப்பக்கம் வரக் கூடாது.

அன்றைக்கு நான் ஒரு உத்தரவைக்கூட மீறவில்லை. நடந்தது எல்லாவற்றுக்கும் காரணமே அதுதான்.

விடியும் நேரத்தில் கிளம்பினோம். செங்கம் ரோட்டில் காபிக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் சிலர் வெறுங்காலோடு, கண்ணைத் தரையில் வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது அத்தை கொஞ்சம் வேகம் கூட்டினாள். மெயின் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பி, மரங்களுக்கு நடுவே போய், அடி அண்ணாமலையை நெருங்கும்போது அவள் ஓட்டம் ஒரு மாதிரி ஆனது. வழியில் யாத்ரீகர்களுக்காகக் கட்டின கழிப்பறை ஒன்று இருந்தது. "இங்கியே நில்லு பாப்பா, வந்துட்டேன்" என்று உள்ளே ஓடினாள்.

நின்றேன். நின்ற இடம் குரங்குகளுடையது. ஒன்று வந்து கூடையில் கை வைத்து, வாழைப்பழச் சீப்பை முழுசாக எடுத்துக்கொண்டது. இன்னொன்று என்னையே பார்த்தது. நான் மிதிக்க ஆரம்பித்தவள், இளநீர் வண்டிக்காரர் ஒருவரைத் தாண்டி, ஒரு வளைவையும் தாண்டித்தான் மூச்சு விட்டேன்.

இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. அத்தை பின்னால் இருக்கிறாள். திரும்பிப் போனால் கண் மூடித் திறப்பதற்குள் கழிப்பறை. ஆனால் அது எதிர்ப்பக்கம். டவுன் பஸ்ஸும் டிராக்டரும் எதிரில் வந்துகொண்டுதான் இருந்தன. அவை சூடம் ஏற்றிவிட்டுக் கிளம்பியவை இல்லை. நான் ஏற்றியிருக்கிறேன். அத்தை சொன்ன இடத்தில் போய் நிற்க வேண்டும், திரும்பவும் கூடாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே வழிதான் இருந்தது. மலையை முழுசாகச் சுற்றிப் பின்பக்கமாக அந்தக் கழிப்பறைக்கு வந்துசேர்வது. கணக்கில் நான் எப்போதும் கெட்டி என்று டீச்சர் சொல்வதுண்டு. மிதித்தேன்.

அத்தை வெளியே வந்து பார்க்கிறாள், நான் இல்லை. அடுத்து நடந்ததைப் பிற்பாடு எனக்குச் சொன்னவர் அந்த இளநீர்க்காரர். "பாப்பாவா? இப்பதாம்மா முன்னாடி போச்சு, பேய் தொரத்துற மாதிரி" என்று அவர் கையைக் காட்ட, அத்தை பாய்ந்தாள். ஊருக்குள் பூக்கட்டுகிற அம்மாவும் "இப்பதான்" என்றாளாம். எல்லோருக்கும் நான் இப்பதான் போயிருந்தேன். என் சைக்கிளை ஓடிப் பிடிக்க அத்தையால் முடியவில்லை. வழியில் கண்டவர்களிடமெல்லாம் போன் வாங்கித் தன் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள்.

கூடையில் போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். தெரியாத நம்பர். விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. அது வேறு தெரியாத நம்பர். சாமிப் பாட்டு ரிங்டோன்தான் என்பதால் நானும் கூடவே பாடிக்கொண்டு போனேன்.

காஞ்சி ரோடு வந்து சேரும் இடத்துக்கு அருகே சங்கிலி கழன்றது. ஒரு சந்துக்குள் சைக்கிள் கடை இருப்பது எனக்குத் தெரியும். தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரரான பாய் அப்போதுதான் பலகையைத் திறந்து வைத்து டீயும் பன்னும் வரவழைத்திருந்தார். பாதி பன்னை எனக்குக் கொடுத்தார். சங்கிலியை மாட்டியவர், விட்டுவிடாமல் பிரேக்கையும் சரி பண்ணி, காற்றும் அடித்தார். நான் பன்னைத் தின்றபடி குரங்குக் கதையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னேன். நடுவில் போன் விடாமல் அடித்தது.

"இன்னா பாப்பா, எடுக்க மாட்டியா?"

"தெரியாத நம்பர் பாய். எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"அட்டா, நல்ல புள்ள. எங்க வீட்லயும் ரெண்டு இருக்குதே" என்று அவர் தன் பிள்ளைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டார். பிற்பாடு கூட்டிக் கழித்துப் பார்த்ததில், நல்ல பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு நான் பன் தின்ற அந்த நேரத்தில்தான் அத்தை சந்து முனையைத் தாண்டி ஓடியிருக்கிறாள்.

ராஜகோபுரம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டாவது சுற்றில் இறங்கினேன். சரி பண்ணின பிரேக் சக்கரத்தை லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவசரம் எனக்கும் இல்லை. கடலை மிட்டாய் தீரத் தீர மிதித்தேன்.

அதற்குள் அத்தை முழு வட்டம் அடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாராம். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார்.

"பாப்பா திரும்பி வந்துச்சாண்ணா?"

"இல்லியேம்மா. நான் இங்கியேதான் கீறேன். என்னைத் தாண்டி ஒரு சைக்கிளும் வரல."

முன்னால் போன பிள்ளையைச் சுற்றுப் பூராவும் காணோம்; இங்கேயும் வரவில்லை. அப்படியென்றால் பின்னால் எங்கேயோ இருக்கிறது, எதிலோ அகப்பட்டு. அத்தை மலையை ஒரு முறை பார்த்தாளாம். பிறகு திரும்பி, வந்த வழியே ஓடினாள்.

நான் மரங்கள் நிறைந்த பாதையில் ஆனந்தமாக வந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. நடக்கிறவர்கள் கூட்டம் சேர்ந்திருந்தது. தூரத்தில் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் உருவம் எதிராக வந்தது. "யம்மா, எதிர்ல வராத. மலையைச் சுத்துற எடம் இது" என்று ஒருவர் சத்தம் போட்டார். யாரோ விவரம் கெட்ட வெளியூர்க்காரி என்று நானும் உதட்டைப் பிதுக்கினேன். கிட்டே வந்ததும் பார்த்தால் எங்கள் அத்தை. முடி அவிழ்ந்து, முட்டியில் சிராய்ப்போடு. எனக்கு மானம் போய்விட்டது.

"அத்தை, நீ தப்பான பக்கம் வர்றே."

நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் சைக்கிள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்தாள். என் கால், கை, முகம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அடி விழும் என்று காத்திருந்தவளுக்குச் சிரிப்பு கிடைத்ததும் நானும் சிரித்துவைத்தேன். சத்தம் போட்டவர் நின்று பார்த்துவிட்டு, "புள்ளைக்கா? அதை மொதல்லயே சொல்றதுதானே" என்று தன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "எதிர்ல வந்துட்டியே, மலை ஒண்ணும் செய்யாதா?"

"மலைக்குத் தெரியும்டி நீ எங்க இருந்தேன்னு. எனக்குல்ல தெரியல."

பிறகு அவள் ஷூவைக் கழற்றி என் கூடையில் போட்டாள். சைக்கிளை நான் தள்ள, வெறுங்காலோடு அவள் கூட நடக்க, மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு போனோம். ஒரு கை மட்டும் என் சட்டைக் காலரை விடவே இல்லை. தூரத்தில் எங்களைப் பார்த்ததும் இளநீர்க்காரர் இரண்டு காய்களைச் சீவ ஆரம்பித்துவிட்டார். "இந்தா வருது பார், மகாராணி" என்றார். நான் வழுக்கையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "எப்படிப் போச்சு? நம்ம பாப்பா ஒத்தாசையா இருந்தாளா?"

"கூடவே இருந்தாண்ணா" என்றாள் அத்தை. பெரியவர்கள் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். குரங்கைப் பற்றி மட்டும் நான் விவரமாகச் சொன்னேன்.

பேரை அவள் திரும்ப வாங்கவில்லை. போட்டிக்குப் போய், கடைசி ஆட்களில் ஒருத்தியாக, பந்தலைப் பிரிக்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் ஓடி முடித்தாள். அப்பா கடற்கரையில் கயிறில்லாத கையோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றார். இப்போது நானும் ஓடுகிறேன். ஓடுகிறேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், பார்க்கிறவர்கள் ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். அண்ணன் பையன் சைக்கிளில் வருகிறான். அவனை எப்போதும் எனக்கு முன்னால்தான் போகச் சொல்வேன். போனை எடுக்கவும் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு ரொம்ப நாள் விளங்காமலேயே இருந்தது. எந்த ஓட்டம் முடிந்தாலும், கைக்கடிகாரத்திலிருந்து அதன் வரைபடத்தை எடுத்துப் பல் டாக்டருக்கும் துணிக்கடைக்காரருக்கும் அனுப்பாமல் அத்தை காபி குடிக்கமாட்டாள். அன்றைக்கும் கடிகாரத்தை எடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இதுவரை ஓடியதிலேயே நீளமான ஓட்டம் என்று வாழ்த்துச் சொல்லி, திரையில் குட்டி வாணவேடிக்கை ஒன்று வெடித்துக்கொண்டிருந்தது. மலையைச் சுற்றி ஒன்றரை வட்டத்துக்கும் மேலாகப் போன கோடு, ஓரிடத்தில் திரும்பி எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரம் வந்து நின்றிருந்தது. என்னைக் கண்டுபிடித்த அந்த முனையை அத்தை சற்று நேரம் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தி, மொத்தத்தையும் அழித்துவிட்டாள்.

எதிர்ப்பக்கம் வந்தது அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், இவ்வளவு பெரியவளுக்கு இவ்வளவு பயமா என்று இரக்கமாக இருந்தது. கிட்டப் போய், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அத்தை. நீ பயப்படாதே" என்றேன்.

அவள் என் தலையில் கை வைத்து, "சரி பாப்பா" என்றாள்.