அத்தானின் கல்வெட்டில் போகாத பந்தி

அக்காவின் கணவர், என் அத்தான், இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வேலைதான் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டு என்போமே, அதை எங்கள் குடும்பத்தில் நான்தான் எழுதுவது. படித்து வந்த எழுத்தல்ல. சனம் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு வந்தது.

கனடாவின் அஜக்ஸில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, அத்தானின் தமையனுக்கும் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் நாட்டை விட்டு வந்ததைச் சொல்லும் பந்தியில் ‘பிரிந்து வாழக் கேட்ட இனத்தின் பிள்ளையாக’ என்றிருந்தது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. எத்தனையோ கல்வெட்டுகளில் எழுதிய வரி.

“உந்த வரியை வெட்டு,” என்றார் தம்பிக்காரர். “கேட்டபடியாத்தான் இவ்வளவு அழிவும்.”

“கேட்டதாலயோ, குடுக்காததாலயோ?” என்றார் தமையன். “இலங்கையில வேற வேற ராச்சியமாக் கிடந்ததை வெள்ளைக்காரன் தன்ர கந்தோர் நிர்வாக வசதிக்கு ஒண்டாக் கட்டினவன். போகேக்க அவிட்டுவிட்டிட்டெல்லோ போயிருக்கோணும்.”

“இந்தியாவை அவிட்டவன்தானே. ரயில் ரயிலாப் பிணம் போனது. இஞ்ச அவிட்டிருந்தா தேயிலைத் தோட்டத்துச் சனம் எந்தப் பக்கம், அண்ணை? கொழும்பில கடை வைச்சிருந்த எங்கட ஐயா எந்தப் பக்கம்?”

“உனக்கென்னடா, வீடும் ரெண்டு காரும் இருக்கு. நீ ஆரோடையும் சேர்ந்திருப்பாய். செத்தவன் என்ர பக்கம்.”

“சின்னண்ணை என்ர பக்கம்.”

“அவர் ரெண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டு, பேஸ்மென்ற்றில போய் ரீவி பாத்தவர்,” என்றார் அக்கா.

சிரிக்கவேண்டிய இடம். பல்லுக்கு ஊசி போட்ட கன்னம்போல மரத்திருந்தது எனக்கு.

தம்பிக்காரர் எழும்பினார். “அந்த வரி இருந்தா நான் அந்தியேட்டிக்கு வரேல்லை.”

“இல்லாட்டி நான் வரேல்லை,” என்றார் தமையன்.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். கொள்ளி வைத்தவர் தம்பிக்காரர். இங்கே கொள்ளி என்பது தகனசாலையில் ஒரு பொத்தானை அமத்துவதுதான். என்றாலும் அமத்தியவர்தான் முப்பத்தொன்றும் செய்யவேண்டும். தமையன் இல்லாமல் செய்தால் ஊர்ச்சனம் அக்காவைத்தான் கேட்கும்.

“ஏன் வந்தவர் எண்டு எழுதாத,” என்றார் அக்கா என்னிடம். “வந்தவர் எண்டு மட்டும் எழுது.”

வரியை அல்ல, பந்தியையே எடுத்தேன். கல்வெட்டில் அத்தான் யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டினார், கனடா வந்தார், விடியப்புறத்தில் பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலைக்குக் காரோட்டினார். இடையில் ஒன்றுமில்லை.

அந்தியேட்டிக்கு இருவரும் வந்தார்கள். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து தமையன் அதை வாசித்தார். திரும்பப் புரட்டினார்.

“ஒரு தாள் விடுபட்டுப்போச்சோ?”

“இல்லை அண்ணை. நான்தான் எடுத்தனான்.”

கிரியை முடித்து, ஈரத்தலையோடு தம்பிக்காரர் வந்தார். “சாப்பிட வாங்கோ, அண்ணை.”

“உன்ர கதையும் இல்லை, என்ர கதையும் இல்லை. அவன் சும்மா வந்தவனாம்,” என்றார் தமையன், எழும்பிக்கொண்டே.

தம்பிக்காரர் கதிரையை இழுத்துவிட்டார். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். அக்கா தள்ளி நின்று பார்த்தார். நான் மிஞ்சிய கல்வெட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன்.