சுவரில் தொங்கிய பன்னிரண்டு மாதங்கள்

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தொண்ணூறுகளின் கடைசியில் பதுளையில் ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். எதிர்ச் சுவரில் எங்கள் பொறியியலாளர் ஒரு வருடத்துக்கான அட்டவணையைத் தொங்கவிட்டிருந்தார். முதலில் ஊற்றை அளப்பது, பிறகு தொட்டி, பிறகு குழாய், கடைசியில் தண்ணீர். ஒரு கட்டம் முடிந்து சிவப்புக் கோடு விழுந்துவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அப்பழுக்கில்லாத மனிதர். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

திட்டம் மடுல்சீமைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு. அக்கா அங்கேதான் தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தில் குடியிருந்தாள். குடத்தோடு பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏறினால்தான் அவளுக்குத் தண்ணீர்.

மார்கழி மழையில் ஊற்றை அளந்தோம். கொட்டோ கொட்டென்று கொட்டியது. அக்காவுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"மழைக்கு எங்கதான்டா தண்ணி இல்ல? இது ஆடியில காஞ்சி போயிரும். கோயிலுக்கு மேல பாறை இடுக்குல ஒண்ணு இருக்கு. சிறுசுதான், ஏறிப்போக வழியில்ல, ஆனா வத்தாது" என்றாள். பிறகு, "புள்ள பொறக்குறதுக்குள்ள தண்ணி வந்துருமா?" என்று கேட்டாள்.

"வந்துரும்க்கா" என்றேன்.

அவள் சொன்னதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகவும் சேர்த்தேன். பொறியியலாளரிடம் வாய் திறந்து சொல்லவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, சுவரில் சிவப்புக் கோடும் விழுந்துவிட்டது. எழுதியாயிற்று, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கோழை.

ஆடியில் திறப்பு விழா. குழாய்க்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பொறியியலாளர் திருகினார். காற்று சீறியது. நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றார் தோட்டத்துக் கங்காணி. அக்காவுக்கு எட்டாம் மாதம். வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

பொறியியலாளர் தொட்டித் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"இதை ஏன் தம்பி வாயால சொல்லேல்லை?"

"அறிக்கையில எழுதியிருந்தேன் சார்."

"எழுதினா சொன்னதெண்டு ஆகுமோ?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவர் பதுளைக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை பெரட்டுக்கு வந்து நின்றார். ஆட்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நேரம் அது. கங்காணி வானத்தைப் பார்த்தார், ஆட்களை வேறு மலைக்குத் திருப்பினார்.

"நேற்று மேல்மலை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"நேத்துச் சொன்னது நேத்துக்குங்க. கொழுந்து நம்ம பேச்சக் கேக்குமாங்க?"

பொறியியலாளர் அன்றே அக்காவை அழைத்துப் பாறை இடுக்கின் இடத்தைக் கேட்டார்.

அதன் பிறகு சுவர் அட்டவணை இல்லை. ஒரு கிழமைக்கு ஒரு வேலை. அது முடிந்ததும் பெண்களைக் கூட்டி, "சரியா? அடுத்தது என்ன?" என்று கேட்போம். முதல் கிழமை பாறைக்கு வழி வெட்டி, அங்கிருந்து கறுப்புக் குழாய் இழுத்துக் கீழ் லயத்துக்குத் தண்ணீர் கொடுத்தோம். குழாயடி சாக்கடைக்குக் கிட்ட இருக்கிறது என்றார்கள், அடுத்த கிழமை மாற்றினோம். என் காலுக்கு ஏற்ற வேலைதான். ஆனாலும் நிம்மதி இல்லை. மேல் லயம் புது ஊற்றின் மட்டத்திலேயே இருந்தது, தண்ணீர் அங்கே போக மறுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும், "அடுத்த கிழமைக்கா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். வலி கண்ட அன்று காலையிலும் இறங்கி ஏறியிருக்கிறாள்.

பாறைக்கு இன்னும் மேலே ஏறி ஊற்றுக்கண்ணிலேயே குழாயைப் பொருத்தினோம். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் மேல் லயத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அக்காதான் திருகினாள். குடம் நிறையும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"மார்கழியிலயே சொன்னேனேடா" என்றாள், கோபமே இல்லாமல்.

குடத்தைத் தூக்கக் குனிந்தேன். அவள் தரவில்லை. வழக்கம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.