அடுப்பு கேஸ்

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை வெயிலில், என் பழைய காரின் ஏசிக்கு கேஸ் நிரப்ப, செக்காலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். மனைவியும் மாமனாரும் உடன் வந்திருந்தார்கள். மெக்கானிக் நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தார். எதையும் முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். டீயைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார்.

ஏசி குழாயின் வால்வை லேசாக அழுத்தி முகர்ந்தவரின் முகம் கறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமனார் மட்டும் காரைவிட்டு இறங்கி, சிகரெட் பற்றவைக்கத் தீக்குச்சியை எடுத்தார். மெக்கானிக் பாய்ந்து வந்து அவர் கையில் ஓங்கி அடித்தார்.

"யார் மேலடா கை வைக்கிற?" என்று மாமனார் கத்தினார். நான் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அடுப்பு கேஸை ஏசியில ஏத்தி வச்சிருக்கீக! பொம்பளையை உள்ள உக்கார வச்சு எரிச்சுப்புடப் பாத்தீகளா? எவன் நிரப்புனது?"

"வெளியூர்ல ஒருத்தன். சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

"இன்னும் எத்தனை பேரு சாகணும்?"

மனைவியையும் இறக்கி எங்களைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, காரை ஒற்றை ஆளாக வெற்றுப் பொட்டலுக்குத் தள்ளிப் போய் கேஸைத் திறந்துவிட்டார். திரும்பி வந்தவர் புது கேஸ் நிரப்ப மறுத்துவிட்டார்.

"இந்த வண்டியில நான் கை வைக்க மாட்டேன். கிளம்புங்க!"

வழியெல்லாம் மாமனார் அந்த அடியைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தார். கத்தும்போது அந்த மனிதரின் கண்கள் நிறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. செத்தது யார் என்று அங்கேயே அவரிடம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.