கூட்டம் பார்த்த ட்யூனர்

புன்னைக்காயல் மாதா கோயில் திருவிழாவுக்குக் கிட்டார் வாசிக்கப் போயிருந்தேன். மைக்செட் அண்ணாச்சி தன் இரும்பு ரேக்கில் புதிதாக ஒரு ட்யூனர் மாட்டியிருந்தார். சுருதி இறங்கினால் இடப்பக்கம் சிவப்பு விளக்கு எரியும், ஏறினால் வலப்பக்கம் சிவப்பு, சேர்ந்தால் நடுவில் பச்சை. நல்ல சாமான்தான். ஆனால் மனுஷன் அதைக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"ஒமக்கு எதுக்குவே? புதுச் சாமான சனம் பாக்க வேண்டாமா?"

எனக்கு எரிச்சல். முன்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் விளக்குகளின் விவரத்தைச் சொல்லி உதவி கேட்டேன்.

"இன்னும் முறுக்குங்க தம்பி. கூடிப்போச்சு, கொஞ்சம் தளத்துங்க. பச்சை வந்துட்டு."

ஆறு கம்பிகளும் அவர் தயவில்தான் சேர்ந்தன.

கச்சேரியில் நான் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. ஒரு மாதமாகப் பழகியது. கண்ணை மூடி, வேண்டுமென்றே கம்பியை வளைத்து, சுருதியை மெல்ல மேலே இழுத்தேன். அந்த இழைவுக்காகத்தான் நான் கிட்டாரையே தொட்டேன்.

"தம்பி, வலப்பக்கம் செவப்பு எரியுது."

கண்ணைத் திறந்தேன். முன்வரிசை முழுவதும், பங்குச்சாமி உட்பட, இறக்கு இறக்கு என்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.