கிண்ணியா வளவுக்குள் நான் நடந்த கதிர்காமம்

என் மகள் வள்ளி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது என் முகத்தைக் கண்டாலே வீறிட்டு அழுவாள். அவளில் பிழையில்லை. அந்த எட்டு மாதத்தில் நான் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு மாதம் வராது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புல்மோட்டையில் மணல் அள்ளினேன். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். லொறிகளில் கிளீனராகப் போனேன். ஓரிடத்தில் மூன்று மாதம் தரித்ததில்லை. ஆடி வந்தால் கதிர்காமத்துக்கு நடந்துவிடுவேன். வள்ளி தாயின் வயிற்றில் இருந்தபோதும் நடந்தேன். முருகனுக்காக நடக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். வீட்டில் இருக்கத் தெரியாமல்தான் நடந்தேன் என்பது முருகனுக்கு மட்டும் தெரியும்.

சண்டை மறுபடி தொடங்கிய வருடம் என் மனைவி யோகம் செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை கண்டு பதினொரு நாளில் போய்விட்டாள். எட்டாம் நாள் சடங்கு வரை பக்கத்து வீட்டு அக்காதான் பிள்ளைக்குக் கரண்டியால் பால் பருக்கினார். சடங்கு முடிந்த மறுநாள் அவர்களும் அகதி முகாமுக்குப் புறப்பட்டார்கள். நானும் பிள்ளையும் மிஞ்சினோம். நான் பாலை நீட்டினால் முதுகை வளைத்துக் கத்துவாள். வாயில் விட்டதைத் துப்புவாள். இரண்டாம் நாள் அவளுடைய உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. பிள்ளை தப்பாது என்று பயந்தேன்.

கிளிவெட்டியில் யோகத்தின் தங்கை பூமணி இருந்தாள். அவளிடம் ஒப்படைத்துவிட்டு எங்காவது போய்விடுவதுதான் என் எண்ணம். சாமி படத்துக்கு முன்னால் நின்று, "முருகா, வழியைத் திறந்துவிடு. பிள்ளையைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தால் உன்னிடம் நடந்து வருவேன்" என்று நேர்ந்தேன்.

வழி திறக்கவில்லை.

அப்போது பாலங்கள் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் தட்டைத் தெப்பத்தைப் பாதை என்போம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, கிண்ணியாவில் ஒன்றைக் கடந்தோம். கிளிவெட்டிக்கு முன்னால் வரும் மூதூருக்குப் போக இன்னும் மூன்று இருந்தன. அந்தப் பக்கம் ஷெல் விழுகிறது என்று மூன்றும் நின்றுவிட்டன. மத்தியானத்துக்குள் நாங்கள் கடந்து வந்ததும் நின்றது. முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

துறையடியில் தேநீர்க் கடை வைத்திருந்த காசிம் நானா, பிள்ளையின் அழுகையைக் கேட்டு எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவி ரஹ்மா ராத்தா வள்ளியை வாங்கி மடியில் வைத்து, கரண்டியால் பால் கொடுத்தார். வள்ளி குடித்தாள். நான் கைகூப்பினேன். இங்கேயே விட்டுவிடலாமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் ராத்தா பிள்ளையைத் தொடவில்லை. கிண்ணத்தையும் கரண்டியையும் என் கையில் தந்தார்.

"என்னட்டக் குடிக்கமாட்டாள் ராத்தா. நீங்கள் குடுங்கோ."

"நான் குடுத்தா புள்ள என்னோட ஒட்டிரும். பாதை ஓடத் தொடங்கினா நீங்க கொண்டு போயிருவீங்க. ஏற்கெனவே ஒரு தாயைப் பறிகொடுத்த புள்ள. இன்னொருக்கா பறிக்கச் சொல்றீங்களா?"

நான் பிள்ளையைப் பார்த்தேன். ராத்தா விடவில்லை.

"அதோட, ஆமிக்காரன் அடையாள அட்டை பாக்கிற மாதிரி ஏன் புள்ளைய முறைக்கிறீங்க? யாருக்கும் பயம் வரும். மூஞ்சிய அங்கால திருப்பிக்கிட்டுத் தூக்குங்க."

தூக்கினேன். கத்தினாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நடந்தேன். நெஞ்சோடு அணைத்து, யாத்திரையில் நடப்பதுபோல ஒரே சீராக, அடிக்கொரு அரோகரா சொல்லி நடந்தேன். மாமரத்திலிருந்து கிணறு வரை முப்பது அடி. பிறகு திரும்பவும் மாமரம். முஸ்லிம் வீட்டு வளவில் அரோகரா சொல்கிறேனே என்று கூச்சம் வந்தது. குரலைத் தாழ்த்தினேன். காசிம் நானா கிணற்றடியில் வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கதிர்காமம் எங்கட கெணத்தடிக்கு வந்திட்டா?"

"நிண்டால் அழுறாள் நானா."

"அப்ப சத்தமாச் சொல்லுங்க. புள்ளைக்கு ஒழுங்காக் கேக்கட்டும்."

கத்திக் களைத்து அவள் தலை என் தோளில் சாய்ந்தது. கிண்ணத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்திருந்தேன். கிணற்றடிக்கு வந்தபோது ஒரு கரண்டி கொடுத்தேன். விழுங்கினாள். இன்னொரு சுற்று, இன்னொரு கரண்டி. அன்று காலை கிண்ணம் காலியாவதற்குள் என் கால் வலித்துவிட்டது. கதிர்காமம் வரை நடந்த கால் அது!

தினமும் அதே மாமரம், அதே கிணறு, அதே கரண்டி. நாலாம் நாள் என் குரல் கேட்டதும் கழுத்தைத் திருப்பினாள். ஏழாம் நாள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்தாள். பிறகொரு நாள் தூரத்தில் ஷெல் வெடித்தபோது முகத்தை என் கழுத்துக்குள் புதைத்தாள். ராத்தா பக்கத்தில்தான் நின்றார். பிள்ளை அவரிடம் போகவில்லை. உச்சிக்குழியும் நிரம்பி வந்தது. ஆனாலும் எனக்குப் புத்தி வரவில்லை. பாதை எப்போது ஓடும் என்று தினமும் துறையடியில் விசாரித்தேன்.

பத்தொன்பதாம் நாள் ஓடியது. கிளிவெட்டிக்குப் போய்ச் சேர்ந்து, வள்ளியைப் பூமணியின் கையில் கொடுத்தேன். அழுதால் அரோகரா சொல்லி நட என்று அவளிடம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வயல் வரம்பு தாண்டவில்லை, பின்னால் அந்த அழுகை கேட்டது. எட்டு மாதம் கேட்ட அதே வீறிடல்தான். ஆனால் அப்போதெல்லாம் என்னைக் கண்டு அழுதாள். இப்போது என்னைக் காணாமல் அழுதாள். வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூமணி பிள்ளையோடு ஓடி வந்தாள்.

"அத்தான், எங்க போறியள்? இவள் என்னட்ட அடங்கிறாள் இல்லை. நானும் அரோகரா சொல்லிப் பாத்திட்டன். இவளுக்கு உங்கட கட்டைக் குரல்தான் வேணுமாம்!"

கையை நீட்டினேன். வள்ளி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அடங்கினாள். அவளைச் சேர்க்க வேண்டிய இடம் எதுவென்று முருகன் எனக்குக் காட்டிவிட்டான். பையைப் பூமணி வாங்கிக்கொண்டாள்.

பூமணி வீட்டுப் பக்கத்திலேயே நாங்கள் இருக்க ஒரு கொட்டில் போட்டேன். வயல் வேலை செய்தேன். அந்த ஆடிக்கு நான் கதிர்காமம் போகவில்லை. அடுத்த ஆடிக்கும் போகவில்லை. நேர்த்தியைக் கிடப்பில் போட்டுவிட்டேன் என்று சிலர் பேசினார்கள். பேசட்டும். பிள்ளையை விட்டுவிட்டு வா என்று முருகன் என்னைக் கேட்கவில்லை.

வள்ளிக்கு ஏழு வயதானபோது இருவரும் சேர்ந்து புறப்பட்டோம். நேரே கிண்ணியாவுக்குப் போனோம். யாத்திரையை அந்த மாமரத்தடியில் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. காசிம் நானாவுக்கு முடி நரைத்திருந்தது. ராத்தா வள்ளியை அணைத்து முத்தமிட்டார். நான் மகளின் கையைப் பிடித்துக் கிணற்றை நோக்கி நடந்தேன். பழைய கூச்சத்தில் மெதுவாகத்தான் அரோகரா சொன்னேன்.

அன்பான அடியார்களே, நீங்கள் கேட்ட வழி இன்று அடைத்துக் கிடந்தால் மனம் தளராதீர்கள். கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிற்கிற இடத்திலேயே அவனை நம்பி நடந்து பாருங்கள். எனக்கு முப்பது அடி போதுமாக இருந்தது.

அன்று காசிம் நானா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி கூப்பிட்டார். "தம்பி, இன்னுமா வெக்கம்? சத்தமாச் சொல்லுங்க!"

நான் வாய் திறப்பதற்குள் வள்ளி அரோகரா சொல்லிவிட்டாள். மாமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தன.