பாதியில் நின்ற பம்பை

காய்ந்த மண்ணில் தண்ணீர் தெளித்தால் எழும் வாசனையும் எங்கள் பக்கம் கல்லக்காய் என்று சொல்லும் வேர்க்கடலையை அவிக்கிற ஆவியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எந்த ஊரில் இருந்தாலும் நான் ஒரு தடவை நின்றுவிடுவேன். பசியால் அல்ல. பசி எனக்குப் பழக்கம்.

அறுபதுகளின் கடைசியில், மழை பொய்த்துப்போன ஒரு கோடையில், அரூருக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் ஊர்ப் பூங்காவில் சாயங்காலந்தோறும் காசில்லாத கச்சேரி நடந்தது. முன்பு அங்கே ஒரு ரேடியோப் பெட்டி இருந்ததால் எல்லாருக்கும் அது "ரேடியோ பார்க்கு". கமிட்டித் தலைவர் அரிசி மண்டிக்காரர்; கெட்டவர் இல்லை. "நம்ம ஜில்லாவுல எத்தன வெதமா பாட்டு இருக்குதோ அத்தனையும் சனங்க ஒரே எடத்துல கேக்கட்டும்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். ஒரு நாள் நாதஸ்வரம், ஒரு நாள் கூத்துப் பாட்டு, ஒரு நாள் பாலக்கோட்டுப் பக்கமிருந்து வந்த கன்னடக்காரப் பெண்களின் ராகி அரைக்கும் பாட்டு, ஒரு நாள் தாயிரா என்கிற வட்டப் பறையைத் தட்டிப் பாடும் முஸ்லிம் பக்கீர்களான பாவாமார். ஊர்க் கிணறுகள் வற்றி, பார்க்குக் குழாயில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்த சமயம். குடத்தோடு வந்தவர்கள் குடத்தை மடியோடு அணைத்துக்கொண்டே பாட்டுக் கேட்டார்கள். கச்சேரிக்கு முன்னால் புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். "குடிக்க இல்லாத தண்ணிய மண்ணுக்கு ஊத்துறானுங்க, இது எங்க போயி முடியுமோ" என்று யாராவது ஒருவர் தினமும் முணுமுணுப்பார்.

அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர், அந்த வருஷம் வரவில்லை, பிறகும் வரவில்லை. அம்மா கல்லக்காய் அவித்துக் கூடையில் சுமந்து பார்க்கில் விற்றாள். பக்கத்தில் உட்கார்ந்து காகிதப் பொட்டலம் மடிப்பது என் வேலை.

அம்மாவுக்குச் சாமி வரும். ஆடியில் மாரியம்மன் கோயிலில் அவளுடைய அண்ணன், என் மாமா, இடுப்பில் பம்பை மேளத்தைக் கட்டிக்கொண்டு அழைக்கும் அடியை அடித்தால் அம்மாவுக்குத் தலை அவிழ்ந்துவிடும். ஊர்க்காரர்கள் குறி கேட்டு முடித்ததும் மாமா வேறொரு அடிக்கு மாறுவார். அதற்கு "மலையேத்துற அடி" என்று பெயர். வந்த சாமியைத் திரும்ப அனுப்பிவைப்பது. அது முடிகிறபோது அம்மா மண்ணில் சாய்வாள். கண்ணைத் திறந்ததும் "தண்ணி குடுங்க" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் மாமா பம்பையை இடுப்பிலிருந்து அவிழ்ப்பார். இது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்த வழக்கம்.

கமிட்டிக்காரர்கள் மாமாவைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"பம்பைன்னா ஆத்தாளக் கூப்புடறதுங்க. கூப்புட்டா அனுப்பி வெக்கணும்."

"இது கோயில் இல்லீங்க, பார்க்கு. சும்மா ஒரு சாம்பிளு அடிச்சிக் காட்டுங்க, போதும்" என்றார் தலைவர்.

"சாம்பிளு காட்ட இது என்னா துணியாங்க?"

வந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஆனால் பஞ்சத்தில் எந்தக் கோயிலிலும் திருவிழா இல்லை, பம்பை பரணில் கிடந்தது. மைக்கில் ஒரு தடவை அடித்துப் பார்க்க அவருக்கும் ஆசை இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் அழைத்து, உடனே மலையேற்றிவிட்டு இறங்குவதாகப் பேச்சு. நடுவில் நிறுத்தக் கூடாது என்று தலைவரிடம் சொல் வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னார்: "இன்னிக்கி நீ அந்தப் பக்கம் வராத புள்ள."

"அவிச்சாச்சிண்ணா. கொண்டு போயி ஏரியில கொட்டட்டா? ராத்திரிக்கு இவனுக்கு என்னாத்தப் போடறது?"

"அப்பிடின்னா கேட்டுக்கு வெளியவே நில்லு."

வெளியே நின்றவளிடம் யாரும் வாங்கவில்லை. உள்ளே கூட்டம் அலைமோதியது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். நான் பின்னால் போனேன்.

மாமா மேடையேறியபோது காற்று சுத்தமாக நின்றிருந்தது. வேப்ப மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாகப் பம்பைச் சத்தம் வந்தபோது அது எனக்குத் தெரிந்த சத்தமாகவே இல்லை. தலைக்கு மேலிருந்து இறங்கி நெஞ்சுக்குள் அடித்தது. அம்மா பொட்டலத்தில் கல்லக்காய் அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளிய கை அப்படியே நின்றது. கூடை கவிழ்ந்தது. கொண்டை தானாக அவிழ்ந்தது. சுற்றியிருந்த பெண்கள் குடங்களை இழுத்துக்கொண்டு வட்டமாக விலகினார்கள். மாமா பார்த்துவிட்டார். குச்சியை மாற்றிப் பிடித்து, அனுப்பும் அடிக்குத் திரும்ப ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரியின் ஜீப் வாசலில் வந்து நின்றது. பொழுது சாய்ந்துதான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே வரும்போது நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சொல் கொடுத்த தலைவர் ஜீப்பைப் பார்த்து ஓடினார்; கமிட்டி ஆள் ஒருவர் மைக்கைத் திருப்பினார்.

"பம்பை போதும், எறங்குங்க!"

"ஐயா, ஒரே நிமிஷம். என் தங்கச்சி அங்க நிக்கிறா பாருங்க!"

"அப்பறம் பாத்துக்கலாம் எறங்குயா!"

கமிட்டி ஆட்கள் இருவர் அவர் கையைக் குச்சியோடு பிடித்துக்கொண்டார்கள். நாதஸ்வரம் எழுந்தது. அதிகாரி கைகூப்பிக்கொண்டு நடந்துவந்தார். நல்ல வாசிப்புதான், இன்றும் நினைவிருக்கிறது. அம்மா அதற்கு நடுவில், கண்ணிமைக்காமல், சிதறிக் கிடந்த கல்லக்காயின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆத்தா, எதுக்கு வந்த, சொல்லு" என்று ஒரு பெண் கேட்டாள். அம்மா வாயே திறக்கவில்லை.

வீட்டில் மாமா கை வலிக்க வலிக்க மலையேற்றும் அடியை அடித்துப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தோம், உதட்டில் பட்டு வழிந்தது. "கூப்புட்ட எடத்துலதான் அனுப்பணும்" என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மேடை பாவாமாருடையது. அவர்களில் மூத்தவரிடம் மாமா போய் நின்றார். முழுவதையும் கேட்ட பாவா தாயிராவைத் தரையில் வைத்தார். "எங்க நேரத்துல நீங்க அடிங்க மாமு. எவன் வந்து புடுங்குறான்னு நான் பாக்குறேன்."

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அதே இடத்தில் நிறுத்தினோம். பாவாமார் மைக்கைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மாமா முழுவதும் அடித்தார். அடி முடிகிற இடத்தில் அம்மா சாய்ந்தாள். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு பெண் சொம்பை நீட்ட, வாங்கிக் குடித்தாள். கூட்டம் குலவையிட்டது. பாவாமார் பாட ஆரம்பித்தார்கள். மாமா மட்டும் பம்பையை அவிழ்க்காமல் நின்றார்.

"என்னா மாமா?" என்றேன்.

"அவ கேக்கலடா. நாமதான் குடுத்தோம்."

அதற்குப் பிறகும் அம்மா அடுப்பு மூட்டினாள், கல்லக்காய் விற்றாள், என்னை அடித்தாள், சிரித்தாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் தண்ணீர் மட்டும் அவள் கேட்டதில்லை. நினைவு வைத்து நாங்கள் கொடுத்தால் குடிப்பாள். மறந்துவிட்டால் உதடு வெடித்துப்போய் உட்கார்ந்திருப்பாள். பொழுது சாயும்போது கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கு இருக்கும் திசையைப் பார்ப்பாள். யாரோ சொன்னதைப் பாதி கேட்டு, மீதிக்குக் காத்திருப்பவளைப் போல.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் கூடை மட்டும் பார்க்கு வாசலில் இருந்தது. கல்லக்காய் இன்னும் சூடாக இருந்தது. தீர்த்தமலை ரோட்டில் ஒரு பெண் தலைவிரித்து நடந்துபோனதை வண்டிக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். நானும் மாமாவும் மலைக் காடெல்லாம் தேடினோம். மாமா சலித்துத் திரும்பினார். நான் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் அத்தோடு போயிற்று. லாரியில் கிளீனர், கோலாரில் கல் உடைப்பு, கரும்பு வெட்டு என்று போன இடத்திலெல்லாம் விசாரித்தேன். பிறகு விசாரிப்பது நின்று, போவது மட்டும் மிஞ்சியது. சாமிதான் வந்ததா, வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து செய்த வேலையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்த ஊர் வழியாகப் போனேன். வேப்ப மரம் இல்லை, மேடை இல்லை, சாயங்காலப் பாட்டை நினைவு வைத்திருப்பவர்களும் இல்லை. மேடை இருந்த இடத்தில், காசு போட்டால் தண்ணீர் கொடுக்கும் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு குடம் பிடித்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

இன்றும் எந்த ஊர்க் கோயிலிலாவது பம்பை கேட்டால் போய் ஓரமாக நின்றுவிடுவேன். பஸ் போனால் போகட்டும். மலையேற்றி முடித்து, சாய்ந்து கிடக்கிற அந்தப் பெண் கண்ணைத் திறந்து, தன் வாயால் தண்ணீர் கேட்கும் வரை நான் அங்கிருந்து நகர்வதில்லை.